சேலை அறுத்த நாளும் வீடு வராத கூலியும்



ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் தடுப்பூசிப் பட்டியலோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். தார் சுற்றிக்கொண்டிருந்த ஒரு தாய், ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்: "சார், குழந்தைக்கு ஊசி இருக்கட்டும். எங்க வீட்டுக்காரருக்குக் குடியை நிறுத்த ஒரு ஊசி இருந்தா போடுங்களேன்." தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்த கணவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அன்று அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

"அவன் புத்தி கெட்டவன், அதான் குடிக்கிறான்" என்று தெருவில் சொல்வார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்தப் புத்தி எந்த நாளில் கெடுகிறது என்று பாருங்கள். சேலையை அறுத்து முதலாளியிடம் கொடுத்து, பல நாள் கூலியை மொத்தமாக வாங்கும் நாளில்தான். முன்பணத்துக்குப் பிடித்தம் போக மீதி கைக்கு வருகிறது. அதைப் பார்த்தாலே மனம் சோர்ந்துவிடும். நாள் முழுவதும் குழித்தறியில் குனிந்த முதுகு வலிக்கிறது. கூட வரும் நண்பர் "வாப்பா, ஒரு கட்டிங்" என்கிறார். வீடு போகும் வழியிலேயே கடை. அடைமழைக் காலத்தில் குழியில் ஈரம் ஏறி வேலை நின்றுவிட்டால், சும்மா இருப்பதே ஒரு பாரம். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவரைக் கேளுங்கள், அவரும் உடம்பு வலியைத்தான் முதலில் சொல்வார்.

குடிக்கு நான் நியாயம் கற்பிக்கவில்லை. மனைவியை அடிப்பது குற்றம், அதற்கு எந்தக் காரணமும் செல்லாது. ஆனால் குடி ஒருவன் தலைக்குள் மட்டும் பிறப்பதில்லை. கூலி, கடன், கடை, தெரு எல்லாம் சேர்ந்துதான் அதை வளர்க்கின்றன.

சட்டம் போட்டு நிறுத்தலாமே என்பீர்கள். 1937-இல் ராஜாஜி ஆட்சியில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. நம் ஆரணி அன்று இருந்த வடஆற்காடு மாவட்டத்துக்கு 1939-இல் வந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974-இல் மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடி சாராயக் கடை திறந்தது. 1983-இல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். தாத்தா காலத்திலிருந்து கடை இப்படித் திறந்து மூடித் திறந்திருக்கிறது. முன்பணக் கடன் மட்டும் ஒரு நாளும் மூடவில்லை.

கடைச் சரக்குக்குக் காசு போதாதவர் பொட்டலச் சாராயத்துக்குப் போகிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலை செய்தவர்கள். மெத்தனால் குடித்தவருக்கு முதலில் போதைதான் தெரியும். பல மணி நேரம் கழித்து வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல், மூச்சு வாங்குதல் வரும். "கேஸ் ஆயிடுமோ" என்று பயந்து வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சீக்கிரம் போனால் மாற்று மருந்தும், ரத்தச் சுத்திகரிப்பும் உயிரையும் கண்ணையும் காப்பாற்றும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு, உயிரிழப்பு ஏற்படுத்தும் கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனை வரை சட்டம் கடுமையானது. 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சாராயம் விற்பவரை விசாரணைக்கு முன்பே 12 மாதம் வரை காவலில் வைக்கவும் முடியும். காய்ச்சிப் பணம் சேர்த்தவனுக்கு வக்கீல் இருக்கிறார். பத்துப் பொட்டலம் விற்றுப் பிள்ளை வளர்க்கும் கைம்பெண்ணுக்கு யார் இருக்கிறார்கள்? குடிப்பதிலும் அப்படித்தான். வசதியானவர் மாடியில் குடித்து, முற்றினால் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். ஏழை தெருவில் விழுந்து ஸ்டேஷனுக்குப் போகிறார். நோய் ஒன்றுதான், போய்ச் சேரும் கதவு வேறு.

பிள்ளை கஞ்சாவில் மாட்டியிருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவுப்படி, அடிமைப்பட்டவர் சிறு அளவோடு பிடிபட்டு, தாமாகவே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். வக்கீலிடம் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

இனி அந்தத் தாயின் ஊசி. ஒரே ஊசியில் குடி நின்றுவிடாது, ஆனால் சிகிச்சை உண்டு. தினமும் அதிகம் குடிப்பவர் கோபத்திலோ சத்தியத்திலோ திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். பிறகு இல்லாதது தெரிவது போலப் பிதற்றலும் வரலாம், உயிருக்கே ஆபத்து. "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்கப் போக வேண்டாம். டாக்டர் பார்வையில், மாத்திரையோடும் பி-1 சத்தோடும் நிறுத்த வேண்டும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்க என்று பொடி விற்கிறார்கள். வாங்காதீர்கள். அதில் டைசல்பிரம் போன்ற மருந்து இருந்து, அவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகலாம். கட்டிப் போட்டு அடித்துத் திருத்தும் விடுதிகளும் வேண்டாம். சங்கிலி போடுவதை 2017 மனநலச் சட்டம் தடுக்கிறது. மாநில மனநல ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேட்ட பிறகே சேருங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவதுதான் பெரிய கண்டம். வியட்நாம் போரில் 1971 வாக்கில் அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையானதாகச் சொன்னார்கள். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்கள் ஊர் திரும்பியதும் தொடர்ந்து விசாரித்தார். முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர் அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். போர்க்களமும் அங்கே மலிவாகக் கிடைத்த சரக்கும் பின்னால் போய்விட்டன. நம்மவர் திரும்புவது அதே தறிக்கு, அதே வழிக்கு. ஊரை மாற்ற முடியாது, சிலவற்றை மாற்றலாம். தார் சுற்றியதில் மனைவியின் உழைப்பும் உண்டு. ஆகவே கூலி வாங்க இருவரும் சேர்ந்தே போகலாம். கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்கலாம். அன்று வேறு தெரு வழியாக வரலாம். முதுகுவலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்கலாம். மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று விட்டுவிடாமல், மறுநாளே டாக்டரைப் பார்க்கவும்.

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். 14446, 14416 இரண்டும் கட்டணமில்லாத எண்கள். போகும்போது தினம் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு வலிப்பு வந்ததா, வேறு மாத்திரை உண்டா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள், மருந்தின் அளவு அதைப் பார்த்துத்தான்.