தப்பொலி யாருடைய சொத்து?

பசறை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்துக்குத் தப்பு முழங்கத் தொடங்கினால் சுற்றிலும் கைபேசிகள் உயர்கின்றன. பதிவு யூடியூபுக்குப் போகிறது. அங்கிருந்து அந்த ஒலியை எடுத்து, வெட்டி ஒட்டி, கணினி இசையாகவோ ஒளிக்காட்சியாகவோ மாற்றப் பெரிய ஸ்டூடியோ தேவையில்லை. மில்லர் பக்கெட் 1990களில் உருவாக்கிய ப்யூர் டேட்டா, கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் 2001இல் தொடங்கிய ப்ராசஸிங் இரண்டும் இலவசம். நிரலை யாரும் திறந்து பார்த்து மாற்றலாம். 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோ மின்னணுப் பலகையின் சுற்று வரைபடமே பொதுவில் கிடக்கிறது. பெயர்தான் வணிகக் குறி. அதே பலகையை வேறு பெயரில் யாரும் செய்து விற்கலாம். தப்பின் தோலில் அதிர்வை உணரும் சிறு பீசோ சில்லை ஒட்டி, அந்தப் பலகை வழியே விளக்கோடு இணைத்தால், குச்சி விழும்போதெல்லாம் லயத்துச் சுவரில் ஒளி பாயும்: மெல்ல அடித்தால் மங்கலாக, ஓங்கி அடித்தால் பளீரென்று. பதுளையில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை இதற்கு உரிமக் கட்டணமாக ஒரு சதமும் கட்ட வேண்டாம். கருவி இப்படித் திறந்திருப்பது நல்லது. ஆனால் கருவிக்குள் போகும் ஒலியும் அதேபோல் எவருக்கும் திறந்த சொத்து என்று சொல்லும்போதுதான் இடிக்கிறது.

சொலமன் தீவுகளில் அஃபுனாக்வா என்ற பெண் பாடிய தாலாட்டை ஆய்வாளர் ஹ்யூகோ செம்ப் பதிவு செய்தார். யுனெஸ்கோ வரிசையில் அது இசைத்தட்டாக வந்தது. 1992இல் டீப் ஃபாரஸ்ட் என்ற பிரெஞ்சுக் குழு அந்தக் குரலை வெட்டியெடுத்து எலக்ட்ரானிக் தாளத்தின்மேல் வைத்தது. பாட்டு உலகெங்கும் விற்றது, விளம்பரங்களிலும் ஒலித்தது. செம்ப் பின்னர் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். பாடியவளோ யாரும் கேட்காத ஆளாகவே இருந்துவிட்டாள்.

நம் இலங்கைச் சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நாட்டார் கலையை வணிகத்துக்காகவோ மரபுச் சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்த அனுமதி வேண்டும் என்கிறது. அனுமதி தருவது யார்? அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடம். கட்டணம் பண்பாட்டு வளர்ச்சிக்குப் போகும். பாட்டு பிறந்த தோட்டத்தைக் கேட்கும் கட்டாயம் அதில் இல்லை. மறுபுறம், சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலுக்கு, அவர் 1984இல் மறைந்ததால், ஆயுளோடு 70 ஆண்டு என்ற கணக்கில் 2054 வரை காப்புரிமை ஓடும். தொகுத்த உழைப்புக்கு அது நியாயமே. கொழுந்து பறித்துக்கொண்டு பாடியவர்களுக்கு அப்படியொரு கணக்கே கிடையாது.

நாட்டார் பாட்டு வாய்வழி பரவியதுதானே, வேலி போட்டால் செத்துவிடாதா என்று கேட்பார்கள். ஹாலிஎலக்காரர் பாட்டை லுணுகலைக்காரர் பாடுவதை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. அங்கே பாடுபவரைக் கேட்பவருக்குத் தெரியும். கோப்பாகப் பிரிந்த ஒலியில் அந்த ஆள் காணாமல் போகிறார். தப்படிப்பதைச் சாதித் தொழிலாகச் சுமத்தி, அடித்தவரை ஒதுக்கி வைத்த வரலாறும் நமக்கு உண்டு. இன்று அதைப் பெயரில்லாப் பொதுச்சொத்து என்பது அதே ஒதுக்கலின் நாகரிக வடிவம் என்றே எனக்குப் படுகிறது. யாரைக் கேட்பது என்பது வேலி பற்றிய கேள்வியைவிடக் கனமான ஆட்சேபம். கோயில் கமிட்டியும் தப்புக் குழுவும் எப்போதும் ஒரே பேச்சில் நிற்பதில்லை. ஆனாலும் வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற ஆவணக் காப்பக மென்பொருளின் நிரல் திறந்தது. உள்ளே எதை யார் பார்க்கலாம் என்பதை மட்டும் சமூகம் தீர்மானிக்கும். 2005 முதல் ஈழத்து நூல்களை இலவசமாகத் தரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகள் ஒலிப்பதிவுகளுக்கும் இந்த வழக்கத்தைக் கொண்டுவரலாம். பதிவின்போதே தோட்டத்தின் பெயர், அடித்தவர் விரும்பினால் அவர் பெயர், மாற்றலாமா, விற்கலாமா என்பதைக் கேட்டுக் கோப்போடு சேர்த்துவிடலாம். இழவு வீட்டு ஒப்பாரி வேண்டாம், கூத்துத் தப்பு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொன்னால், அந்தத் தப்பை வைத்துக்கொண்டே ஒரு கலைஞர் நிறையச் செய்யலாம்.