சி மொழியில் நெட்வொர்க் டேட்டா: 21000 எப்போது 2100 ஆகும்?

நெட்வொர்க் வழியே நம் கம்ப்யூட்டருக்கு வரும் டேட்டாவை ஒரு சி ப்ரோகிராம் எப்படி வாங்கிக்கொள்கிறது என்று இந்த மாதம் பார்ப்போம். உதாரணத்தை எங்கள் பக்கத்திலிருந்தே எடுக்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளைத் தாண்டித்தான் பாலாறு எங்கள் விரிஞ்சிபுரத்துக்கு வருகிறது. தோல் கழிவுநீர் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வழங்கியது. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்தி, அவை காட்டும் அளவை ஆன்லைனில் அனுப்ப வேண்டும் என்றது. தோல் பதனிடுதலும் அந்த 17-ல் ஒன்று.

ஆற்றில் விடும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு மீட்டர் 21000 என்று காட்டி, அதை அப்படியே அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறும் ப்ரோகிராம் அதை 2100 என்று படித்தால்? பத்து மடங்கு கழிவு, விதிக்கு உட்பட்ட நீராகிவிடும். சரியாக எழுதாத சி ப்ரோகிராமில் இது நடக்கக்கூடியதுதான்.

சி-யில் நெட்வொர்க் டேட்டாவை வாங்க உதவுவது சாக்கெட். 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸில் வந்தது, இன்றும் அதுதான். டேட்டாவைப் பெறும் ஃபங்ஷனின் பெயர் 'ரிசீவ்' (ஆர், ஈ, சி, வி என்ற நான்கு எழுத்துகள்தான்). அதற்கு நான்கு விஷயங்கள் தர வேண்டும்: எந்த சாக்கெட், டேட்டாவை எங்கே வைப்பது, அதிகபட்சம் எத்தனை பைட், கடைசியாக ஒரு பூஜ்யம்.

புதியவர்கள் தடுமாறுவது 'அதிகபட்சம்' என்ற சொல்லில். 100 பைட் என்று கேட்டால் 100 வரும் என்று பொருள் இல்லை. அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது 4 என்றால் 4-ஐக் கொடுத்துவிட்டு ரிசீவ் திரும்பிவிடும். டி.சி.பி. முறையில் பைட்டுகள் தொலையாது, வரிசையும் மாறாது. ஆனால் ஒரு செய்தி எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. குழாய்த் தண்ணீரில் இது முதல் குடம், இது இரண்டாவது என்று கோடு இருக்கிறதா என்ன?

நான் ஒரே கம்ப்யூட்டரில், 127.0.0.1 என்ற முகவரியில் இரண்டு ப்ரோகிராம்களை ஓட்டிப் பார்த்தேன். அனுப்புவது '2100' என்று அனுப்பி, ஒரு விநாடி நிறுத்தி, '0' அனுப்பும். பெறும் பக்கம் முதலில் 4, பிறகு 1 என்றே வந்தது. இடைவெளியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஐந்தும் ஒன்றாக வரும். இதுதான் ஆபத்து: வீட்டில் சரியாக ஓடுவது, லைன் மெதுவான இடத்தில் தவறும்.

வழி எளிது. அனுப்புபவர் ஒவ்வொரு அளவின் முடிவிலும் 'புது வரி' எழுத்தை வைக்கட்டும். பெறுபவர் அது வரும்வரை லூப்பில் ரிசீவைக் கூப்பிட்டு, வந்ததைச் சேர்த்துக்கொண்டே போகட்டும். ஒதுக்கிய இடம் நிரம்பினால் நிறுத்திவிட வேண்டும். ரிசீவ் 0 தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது. -1 என்றால் பிழை. இரண்டிலும் கையில் இருக்கும் பாதி எண்ணைப் பதிவு செய்யாதீர்கள். ஸ்ட்ரிங்கின் கடைசியில் வைக்கும் பூஜ்ய எழுத்தையும் ரிசீவ் போட்டுத் தராது. அதை நாம்தான் வைக்க வேண்டும். மறந்தால் எண்ணுக்குப் பின்னால் குப்பை எழுத்துகள் வரும்.

எண்ணை எழுத்தாக அனுப்பாமல் இரண்டு பைட்டாக அனுப்பும் கருவிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. 2100 என்பது 8, 52 என்ற இரு பைட்டுகள் (8 x 256 + 52). நெட்வொர்க் வழக்கப்படி 8 முதலில் வரும். நம் இன்டெல் கம்ப்யூட்டரோ முதலில் வருவதைச் சிறிய பகுதியாக எடுத்துக்கொண்டு 13320 என்று காட்டும். இங்கே நல்ல நீர் கெட்ட நீராகிவிடுகிறது! என்.டி.ஓ.ஹெச்.எஸ். என்ற ஃபங்ஷன் இதைத் திருப்பிச் சரி செய்யும்.

கல்லூரி லேபில் பழகிய டர்போ சி இதற்கு உதவாது; அது டாஸ் காலத்தது. விண்டோஸில் டெவ்-சி++ போதும். வின்சாக் லைப்ரரியைச் சேர்த்து, ப்ரோகிராமின் தொடக்கத்திலேயே அதைத் துவக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் சாக்கெட்டே கிடைக்காது.