துணை என்றால் கண்ணெதிரே இருக்கவேண்டும்



கடந்த மாதம் எமது சிக்கனக் கடன் குழுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "பிள்ளை, கனடாவில இருக்கிற என்ர மகன் பனியில சறுக்கி விளையாடப் போறானாம். அது பயமான விளையாட்டோ?" என்று கேட்டார். போரில் மூத்த மகனைப் பறிகொடுத்தவர் அவர். "பயப்படாதையுங்கோ" என்று வெறுமனே சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. விசாரித்தும் வாசித்தும் அறிந்ததை அவருக்குச் சொன்னேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கும் அது பயன்படும்.

கனடாவின் மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மலைகளில் பனி மிக ஆழமாகப் பெய்யும். அங்குள்ள ஊசியிலை மரங்களின் தாழ்ந்த கிளைகள் பனியைத் தடுப்பதால், அடிமரத்தைச் சுற்றி இறுகாத பனியும் வெற்றிடமும் கொண்ட குழி உண்டாகிறது. மேலே பார்த்தால் குழி தெரியாது. சறுக்கி வருபவர் அதில் தலைகீழாக விழுந்தால், அசைய அசையப் பனி சரிந்து மூச்சை அடைக்கும். கத்தினாலும் பனி சத்தத்தை விழுங்கிவிடும். இதற்குப் பனிச்சரிவு ஏற்படவேண்டியதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொண்டர்களை இத்தகைய குழிகளில் இறக்கிச் செய்த இரு பரிசோதனைகளில், 90 வீதமானோரால் தாமாக வெளியேற முடியவில்லை.

ஆகவே துணை அவசியம். ஆனால் மலையடிவாரத்தில் காத்திருக்கும் நண்பர் துணையல்ல. அவர் மேலேறி வருவதற்குள் மூச்சு நின்றுவிடலாம். ஒருவரையொருவர் பார்த்தபடி, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வருபவரே துணை.

2023 மார்ச்சில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்திலுள்ள பேக்கர் மலையில் ஒருவர் இவ்வாறு தலைகீழாகப் புதைந்தார். வெளியே தெரிந்தது அவரது சறுக்குப் பலகை மட்டுமே. அவ்வழியே வந்த முன்பின் தெரியாத ஒருவர் அதைக் கண்டு, பனியைத் தோண்டி அவரைக் காப்பாற்றினார். அவர் கண்ணில் பட்டது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி மலையேற முடியாது.

பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்:

* புதுப்பனி பெய்த நாட்களில் மரங்களுக்கு அருகே போகவேண்டாம்.
* கழுத்தில் விசில் இருக்கட்டும். மரங்களிடையே செல்லும்போது கைத்தடியின் வாரை மணிக்கட்டில் மாட்டவேண்டாம்.
* விழப்போனால் மரத்தையோ கிளையையோ பிடிக்கவேண்டும். விழுந்துவிட்டால் பதறாமல் முகத்தின் முன்னே கையால் மூச்சுக்கு இடம் செய்யவேண்டும்.
* துணையாக வந்தவர் விழுந்தால் காலைப் பிடித்து இழுக்கக்கூடாது. தலை இருக்கும் இடத்தை நோக்கிப் பக்கவாட்டில் தோண்டி, முதலில் மூக்கையும் வாயையும் பனியிலிருந்து விடுவிக்கவேண்டும்.

அந்த அம்மா மகனைத் தடுக்கவில்லை. அன்றிரவே தொலைபேசியில் ஒன்றுமட்டும் கேட்டாராம்: "உன்னோட வாறவன் உன்னைப் பார்த்துக்கொண்டு வாறவனோ, தன்பாட்டில போறவனோ?"

மகன் சற்றுநேரம் பேசவில்லையாம். பிறகு, "இனிப் பார்த்துக்கொண்டு போறம் அம்மா" என்றானாம்.