மீண்டும் வந்த பேயோட்டிகள்

நகைச்சுவைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. வீரக்கதையை மறுபடி சொன்னாற் கேட்போர் பொறுத்துக்கொள்வர். துன்பக்கதையை மறுபடி சொன்னாலும் கண்ணீர் வரும். ஒருமுறை வயிறு குலுங்கச் சிரித்த வேடிக்கையையோ வேறொருவர் வாயாற் கேட்கும்போது, "முன்னையவர் சொன்னதுபோல் இல்லையே" என்ற குறைதான் முதலில் எழுகிறது. அமெரிக்கப் படத்தயாரிப்பாளர் இதனை அறியாதவரல்லர். அறிந்திருந்தும் அவர்கள் பெயர்பெற்ற பழைய நகைச்சுவைப் படங்களை மீண்டும் எடுக்கின்றனர். புதியதொரு பெயரை மக்கள் மனத்திற் பதியவைக்க ஆகும் செலவு, பழைய பெயரொன்றைக் கையாளுவதால் மிச்சமாகும் என்பது அவர்கள் போடும் கணக்கு. பழைய கதையைத் தொடர்ந்து செல்லாமல், அதே பெயரையும் அதே கருவையும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும் இம்முறையை ஆங்கிலத்தில் 'ரீபூட்' என்பர். கணினியை அணைத்து மறுபடி இயக்குவதற்கு வழங்கும் சொல் அது. தமிழில் மறுதொடக்கம் என்று சொல்லலாம்.

இக்கணக்கு எவ்விடத்திற் பிசகக்கூடும் என்பதை அறிவதற்கு, 2016 ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தின் வரலாறு மிகவும் உதவும். 'பேயோட்டிகள்' என்பது அப்பெயருக்கு ஏறக்குறைய நேரான தமிழ்.

முதலாவது 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' 1984 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளிவந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட மூன்று ஆராய்ச்சியாளர் நியூயோர்க் நகரிற் பேய் பிடிப்பதையே ஒரு தொழிலாக நடத்துகின்றனர். எலி பிடிக்கவும் கரையான் அழிக்கவும் ஆட்களை அழைப்பதுபோல நகரவாசிகள் அவர்களை அழைக்கின்றனர். நான்காமவர் ஒருவர் பின்னர் சம்பளத்துக்கு வந்து சேருகிறார். ஐவன் ரைட்மன் நெறிப்படுத்திய இப்படத்தை டான் அய்க்ரோய்ட், ஹரல்ட் ராமிஸ் ஆகிய இருவரும் எழுதி, பில் மறி, ஏர்னி ஹட்சன் ஆகியோருடன் நடித்தனர். உலகமே அழியப்போகும் வேளையிலும் பில் மறி காட்டும் அலட்சியமே அப்படத்தின் உயிர். ஏறக்குறைய 3 கோடி டொலர் செலவில் ஆக்கப்பட்ட அது, அமெரிக்காவிலும் கனடாவிலும் மாத்திரம் 22 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 1989 இல் வந்த இரண்டாம் பாகம் அந்த அளவுக்கு ஓடவில்லை. ஆனாற் படத்தைத் தழுவிய சித்திரத் தொடர் தொலைக்காட்சியிற் பல ஆண்டு நடந்தது; பொம்மைகள் விற்பனையாயின. 1980களிற் சிறுவராயிருந்த ஒரு தலைமுறைக்கு அப்படம் வெறும் படமாக இராமல், தம் பிள்ளைப் பருவத்தின் உடைமையாகவே ஆகிவிட்டது. பின்னர் எழுந்த சச்சரவுக்கு வித்து இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் பாகம் எடுக்கும் முயற்சி இருபது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டது. பில் மறிக்கு அதில் நாட்டமில்லை. 2014 பெப்ரவரியில் ஹரல்ட் ராமிஸ் காலமானார். ரைட்மனும் நெறிப்படுத்தும் பொறுப்பிலிருந்து விலகினார். அதன்பின்பே சோனி நிறுவனம் போல் ஃபீக் என்ற நெறியாளரை நாடியது. பழைய பாத்திரங்களைத் தொடர விரும்பாத ஃபீக், பேயோட்டிகள் நால்வரும் பெண்களாக இருக்கும் புதுக்கதை ஒன்றை எடுக்கப்போவதாக 2014 இறுதியில் அறிவித்தார். மெலிசா மக்கார்த்தி, கிறிஸ்டன் விக், கேட் மக்கின்னன், லெஸ்லி ஜோன்ஸ் ஆகிய நால்வரும் தெரிவுசெய்யப்பட்டனர். நால்வரும் நகைச்சுவையிற் கைதேர்ந்தவர்கள், அதில் ஐயமில்லை.

2016 மார்ச் மாதம் முன்னோட்டப் படம் இணையத்தில் வெளியிடப்பட்டது. சில வாரங்களுக்குள், யூடியூப் தளத்தில் அதுவரை வெளிவந்த திரைப்பட முன்னோட்டங்களுள் மிக அதிகமான வெறுப்புக் குறிகளைப் பெற்றது என்ற அபகீர்த்தி அதற்குக் கிட்டியது. இவ்வெறுப்பு முழுவதும் ஒரே ஊற்றிலிருந்து வந்ததென்று சொல்வது நியாயமாகாது. முன்னோட்டத்திற் சிரிப்பு குறைவு. முப்பது ஆண்டுகளுக்கு முன் நியூயோர்க்கைக் காத்தவர்களைப் பற்றிப் பேசித் தொடங்கியதால், இது தொடர்ச்சியா, மறுதொடக்கமா என்பதும் விளங்கவில்லை. மூன்று வெள்ளைப் பெண்களும் விஞ்ஞானிகளாக இருக்க, கறுப்பினப் பெண் மாத்திரம் சுரங்க இரயில் ஊழியராக இருப்பதேன் என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்வியிற் பொருள் இருந்தது. ஆயினும், மிகப் பெரிய கூச்சல் எழுப்பியவர்கள், பெண்கள் இவ்வேடத்தை ஏற்றதையே குற்றமாகக் கண்ட ஒரு கூட்டத்தினர். படம் வெளிவருமுன்னரே, பார்க்காத படத்துக்குப் புள்ளி வழங்கும் தளங்களில் மிகக் குறைந்த புள்ளிகளை ஆயிரக்கணக்கில் இட்டனர். படத்திலேயே இதற்கு ஒரு பதிலடி இருக்கிறது: கதாநாயகிகள் தங்களைப் பற்றி இணையத்தில் முகமறியாத ஒருவன் எழுதிய இழிசொல்லை வாசித்து முகம் சுளிக்கும் காட்சி அது.

வேடிக்கை என்று விட்டுவிட முடியாதது அடுத்து நடந்தது. படம் வெளிவந்த சில நாட்களில், அக்காலத்தில் டுவிட்டர் என வழங்கிய தளத்தில் லெஸ்லி ஜோன்ஸுக்கு இனவெறி நிறைந்த வசவுகள் வெள்ளமெனக் குவிந்தன. அவர் தமக்கு வந்தவற்றிற் சிலவற்றைப் பகிரங்கமாகக் காட்டிவிட்டு, மனம் நொந்து தளத்தைவிட்டு வெளியேறினார். பின்னர் நிறுவனம் தலையிட்டுச் சிலரைத் தடை செய்தபின்பே திரும்பினார். அடுத்த மாதம் அவருடைய சொந்த இணையத்தளத்துட் புகுந்த விஷமிகள் அவருடைய அந்தரங்கப் படங்களை வெளியிட்டனர். ஒரு நகைச்சுவைப் படத்தில் நடித்ததற்காக ஒரு பெண் கொடுத்த விலை இது.

இனி, படம் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? ஆங்கில விமர்சனங்களைத் தொகுத்துக் கணக்கிடும் தளத்தில், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட விமர்சகர் படத்துக்குச் சாதகமாகவே எழுதியிருந்தனர். முதல்நாள் இரவு படமாளிகையிலிருந்து வெளிவருவோரிடம் நேரிற் கேட்டுத் தரமிடும் 'சினிமாஸ்கோர்' என்ற அமைப்பு 'பி பிளஸ்' என்ற தரத்தைக் குறித்தது. அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே சென்றவர்களின் தீர்ப்பு, அமோகமுமில்லை, மோசமுமில்லை. கேட் மக்கின்னனின் விசித்திர விஞ்ஞானி வேடமும், அழகே தவிர அறிவு எள்ளளவும் இல்லாத வரவேற்பாளனாக வந்த கிறிஸ் ஹெம்ஸ்வேர்த்தின் நடிப்பும் பெரிதும் மெச்சப்பட்டன. பழைய நடிகர் பலரும் வேறு வேறு சிறு வேடங்களில் வந்து போனார்கள். மறைந்த ராமிஸின் உருவச் சிலையொன்றும் ஓரிடத்திற் காணப்பட்டது. இந்த மரியாதைகளே படத்தின் ஓட்டத்தைத் தடைசெய்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். புதியவர்கள் சிரிப்பூட்டத் தொடங்கும்போதெல்லாம் பழையவர் ஒருவர் குறுக்கே வந்து நிற்கிறார். இறுதிப் பகுதியோ கணினியில் வரைந்த பேய்களுடன் நிகழும் நீண்ட சண்டை. சண்டையில் நகைச்சுவைக்கு இடமேது?

வசூலைப் பார்ப்போம். ஜூலை 15 ஆம் திகதி அமெரிக்காவில் வெளிவந்த இப்படம் முதல் வார இறுதியில் 4 கோடியே 60 இலட்சம் டொலர் திரட்டியது. ஏற்கெனவே ஒரு வாரம் ஓடியிருந்த, வளர்ப்பு மிருகங்களைப் பற்றிய சித்திரப் படமொன்று அதனை இரண்டாமிடத்துக்குத் தள்ளியது. இரண்டாம் வார இறுதியில் வசூல் பாதிக்கும் கீழே இறங்கியது. முடிவில் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 12 கோடியே 80 இலட்சமும், பிற நாடுகளில் ஏறக்குறைய 10 கோடியுமாக, மொத்தம் 22 கோடியே 90 இலட்சம் டொலர் சேர்ந்தது. சீனாவிற் படம் திரையிடப்படவேயில்லை. ஆவி, மூடநம்பிக்கை முதலியவற்றைப் பரப்பும் படங்களை அந்நாட்டுத் தணிக்கை விதிகள் விரும்புவதில்லை. பழைய படங்களை அறியாத சீன மக்களுக்கு இப்பெயரிற் கவர்ச்சி இல்லை என்ற காரணமும் அப்போது கூறப்பட்டது.

22 கோடியே 90 இலட்சம் டொலர் என்றாற் பெருந்தொகைதானே, இதில் நட்டம் எப்படி வரும் என்று கேட்கலாம். படத்தை ஆக்க ஆன செலவு 14 கோடியே 40 இலட்சம் டொலர். வசூலாகும் பணம் முழுவதும் தயாரிப்பாளரைச் சேருவதில்லை. ஏறக்குறையப் பாதி படமாளிகைக்காரருக்குப் போய்விடும். வெளிநாடுகளிற் பங்கு இன்னும் குறைவு. விளம்பரச் செலவு ஆக்கச் செலவிற் சேராது, அது தனி. எனவே, இத்தகைய படமொன்று கையைக் கடிக்காமலிருக்கவே ஆக்கச் செலவின் இருமடங்குக்கு மேல் வசூலாக வேண்டும். நட்டம் 7 கோடி டொலரைத் தாண்டும் என அமெரிக்கத் திரைப்படப் பத்திரிகைகள் மதிப்பிட்டன. சோனி நிறுவனம் அத்தொகையை மறுத்தது; பொம்மைகள், விளையாட்டுகள், வீட்டிற் பார்க்கும் பதிப்புகள் ஆகியவற்றின் வருவாயைச் சேர்த்தால் நட்டம் அவ்வளவாகாது என்றது. நட்டமே இல்லை என்று மாத்திரம் சொல்லவில்லை.

"பெண்கள் நடித்ததால் தோற்றது" என ஒருசாராரும், "பெண்களை வெறுப்போர் தோற்கடித்தனர்" என மறுசாராரும் கூறினர். இரு கூற்றும் ஒரு கணக்கைப் பாராமல் விட்டுவிட்டன. இதே போல் ஃபீக், இதே மெலிசா மக்கார்த்தியையும் சாந்திரா புல்லொக்கையும் கொண்டு 2013 இல் 'த ஹீட்' என்ற படத்தை எடுத்தார். அதன் செலவு 4 கோடியே 30 இலட்சம் டொலர். உலக வசூல் ஏறக்குறைய 23 கோடி. அதாவது, பேயோட்டிகள் திரட்டிய அதே தொகை! 2015 இல் வந்த 'ஸ்பை' படத்துக்குச் செலவு 6 கோடியே 50 இலட்சம். வசூல் 23 கோடியைத் தாண்டியது. கிறிஸ்டன் விக் எழுத்திலும் பங்கேற்று நடித்த 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' 2011 இல் 3 கோடியே 25 இலட்சம் டொலர் செலவில் வந்து ஏறக்குறைய 29 கோடி டொலர் திரட்டியது. இப்படங்களெல்லாம் பெண்களை முன்னிறுத்தியவையே. எல்லாமே இலாபம் ஈட்டின. ஃபீக்கின் நகைச்சுவைக்குச் சிரிக்க வருபவர் தொகை ஏறக்குறைய ஒரே அளவினதாக நின்றிருக்கிறது. அதன்மேற் பேய்களுக்கும் ஒளி ஜாலங்களுக்கும் கொட்டப்பட்ட 10 கோடி டொலர், வசூலைச் சிறிதும் கூட்டவில்லை.

வாய்வழிப் பரவும் புகழ் எத்தகையது என்பதற்கும் இங்கே ஓர் அளவுகோல் உண்டு. 'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 2 கோடியே 60 இலட்சம் எடுத்து, பின்னர் மெல்ல மெல்ல 16 கோடியே 90 இலட்சமாக வளர்ந்தது; ஆறு மடங்குக்கு மேல். அப்படத்தைப் பற்றி முன்கூட்டியே யாரும் சண்டையிடவில்லை. பார்த்தவர் சொல்லிப் பாராதவர் சென்றனர். பேயோட்டிகளோ முதல் வார இறுதி வசூலின் மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. நான்கு மாதமாக நடந்த சச்சரவில், படத்தைப் பார்ப்பது ஒரு கட்சியிற் சேருவதுபோல ஆகிவிட்டது. சிரிக்கலாம் என்று சும்மா வருபவன் அப்படிப்பட்ட வாசலைத் தாண்டத் தயங்குவான். கூச்சலிட்டோர் செய்த தீங்கு அந்த அளவில் உண்மையே. ஆனாற் செலவு பாதியாக இருந்திருந்தால், அந்தத் தீங்கைப் படம் தாங்கியிருக்கும்.

பிற்கால நிகழ்ச்சிகள் இதனை மேலும் தெளிவாக்குகின்றன. சோனி நிறுவனம் பெண் பேயோட்டிகளின் தொடர்ச்சியைக் கைவிட்டது. ஐவன் ரைட்மனின் மகன் ஜேசன் ரைட்மன், 1984 ஆம் ஆண்டுக் கதையின் நேர்த் தொடர்ச்சியாக 'ஆஃப்டர்லைஃப்' என்ற படத்தை நெறிப்படுத்தினார். பெருந்தொற்றுக் காலத்தில், 2021 நவம்பரில் அது வெளிவந்தது. பழைய இரசிகர்கள் மகிழ்ந்தனர். வசூலோ ஏறக்குறைய 20 கோடி டொலர். பெண்கள் நடித்த படம் எடுத்ததிலும் குறைவு. அதற்கு ஆன செலவு 7 கோடியே 50 இலட்சமாகையால், அது வெற்றியென ஏற்கப்பட்டு, 2024 இல் அதற்கும் ஒரு தொடர்ச்சி வந்தது. அதன் செலவு 10 கோடியாக ஏறியது. வசூல் மறுபடியும் 20 கோடியை ஒட்டியே நின்றது.

'ஆஃப்டர்லைஃப்' வெளிவந்த சில மாதங்களில், 2022 தொடக்கத்தில், பேயோட்டிகள் படங்களின் முழுமையான தொகுப்பு என்ற பெயருடன் ஒரு வட்டுப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதில் 1984, 1989, 2021 ஆகிய ஆண்டுகளின் படங்கள் இருந்தன. 2016 ஆம் ஆண்டின் படம் இல்லை. போல் ஃபீக் அந்நிறுவனத்துக்குப் பகிரங்கமாக ஒரு செய்தி எழுதினார். இது தவறுதலாகத்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்று அதிற் குறிப்பிட்டிருந்தார்.