மூச்சின்றி வாழும் மீன்

மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். நூறு எண்ணுவதற்குள் நம்மில் பெரும்பாலோர் தோற்றுவிடுவோம். வகுப்பில் இந்தப் போட்டியை வைத்தால் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் விளையாட்டுக்குப் பின்னால் கடுமையான உண்மை ஒன்று மறைந்திருக்கிறது. நமது மூளை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். உடல் செலவிடும் பிராணவாயுவிலோ நூற்றுக்கு 20 பங்கு அதற்கே வேண்டியிருக்கிறது. சேமித்து வைக்கும் வழக்கமும் அதற்கு இல்லை. மூளைக்குச் செல்லும் இரத்தம் நின்றால் சில விநாடிகளில் பிரக்ஞை தப்பிவிடும். நாலைந்து நிமிஷங்களில் நரம்பு அணுக்கள் மடியத் தொடங்கும்.

ஏன் இப்படி? நரம்பு அணு ஒவ்வொன்றும் ஓட்டைத் தோணியைப் போன்றது. வெளியிலுள்ள உப்புக்கள் ஓயாமல் உள்ளே கசிகின்றன. அவற்றை இறைத்துக் கொட்டச் சக்தி வேண்டும். பிராணவாயு நின்றால் சக்தி வற்றும்; இறைப்பும் நின்றுவிடும். அப்போது அணுக்கள் குளூட்டமேட் என்னும் கிளர்ச்சிப் பொருளை அளவின்றி வெளியே கொட்டுகின்றன. அது பக்கத்து அணுக்களின் வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் வெள்ளமெனப் புகுந்து அவற்றை உள்ளிருந்தே அழிக்கிறது. ஓர் அணுவின் சாவு அடுத்த அணுவையும் பற்றிக்கொள்கிறது.

பெரும்பாலான மீன்களின் கதியும் இதுவே. ஆனால் ஐரோப்பாவின் வடபகுதியில் ‘குரூசியன் கெண்டை’ என்றொரு மீன் உண்டு. கண்ணாடித் தொட்டியில் நம் குழந்தைகள் வேடிக்கை பார்க்கும் தங்கமீனுக்கு அது நெருங்கிய உறவு. நார்வே தேசத்துச் சிறு குட்டைகள் குளிர்காலத்தில் உறைந்து, மேலே பனியும் மூடிக்கொள்ளும்போது வெளிச்சம் உள்ளே புகாது. நீரிலுள்ள பாசி, பிராணவாயுவை உண்டாக்குவதும் நின்றுபோகும். இருந்த சிறிதளவும் தீர்ந்துவிடும். மற்ற மீன்கள் பிழைக்க முடியாத அந்தக் குட்டையில் இந்தக் கெண்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கிறது!

அதற்கு இரண்டு உபாயங்கள் உண்டு. முதலாவது, கோடையிலேயே அது தன் ஈரலில் கிளைகோஜன் என்னும் மாவுச்சத்தை நிறையச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பிராணவாயு இல்லாமல் அதைச் செலவழித்தால் லாக்டிக் அமிலம் பெருகி உடலைக் கெடுக்கும். கெண்டையோ அதைச் சாராயச் சத்தாக மாற்றிச் செவுள்கள் வழியே நீரில் விட்டுவிடுகிறது. ஆஸ்லோ, லிவர்பூல் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சியாளர்கள் இம்மாற்றத்தின் நுட்பத்தை 2017-ல் விளக்கினார்கள். அம்மீனின் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் ஏறிவிடுவதுண்டு. பல தேசங்களில் அந்த அளவில் மனிதன் மோட்டார் ஓட்டினால் குற்றம்!

இரண்டாவது உபாயம் சிக்கனம். மூளையை அமைதிப்படுத்தும் ‘காபா’ என்னும் பொருள் அதிகரிக்கிறது. கண் மங்குகிறது, மூளையின் வேலை சுருங்குகிறது. வரவு குறைந்த மாதத்தில் நம் இல்லத்தரசிகள் விளக்குகளை அணைத்துவிட்டு அடுப்பை மட்டும் காப்பாற்றுவது போலத்தான்.

இத்தனை சாமர்த்தியம் உள்ள மீனின் மூளைக்குச் சேதமே இல்லை என்று எண்ணத் தோன்றும். ஆஸ்லோ ஆராய்ச்சியாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மீன்களை 7 நாட்கள் பிராணவாயு இல்லாமல் வைத்திருந்து, பிறகு அதைத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது முன்மூளையில் மடியும் அணுக்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. பிராணவாயு திரும்புகையில், வெறிகொண்ட சில மூலக்கூறுகள் தோன்றி அணுக்களைத் தாக்கும் என்பது விஞ்ஞானிகள் முன்பே அறிந்த விஷயம். பஞ்சத்தில் பிழைத்தவனுக்கு முதல் விருந்தே ஆபத்தாவதில்லையா?

இன்னொரு சோதனையும் செய்தார்கள். இரை இருக்கும் இடத்துக்குச் சுற்றுப்பாதை ஒன்றில் வழி கண்டு செல்ல மீன்களை முன்பே பழக்கியிருந்தார்கள். பிராணவாயு நின்று திரும்பிய பின், அவை அந்த வழியை மறந்துவிட்டனவாகவே தோன்றிற்று. ஆனால் கற்கும் திறமை போகவில்லை, மறுபடி கற்றுக்கொண்டன. மூளையில் புதிய அணுக்கள் பிறப்பதற்கான அடையாளமும் தென்பட்டது. ஆகவே இந்த மீன் சேதத்தைத் தடுப்பதோடு, நேர்ந்த சேதத்தைப் பழுதுபார்க்கவும் வல்லது.

நமக்கு அந்தப் பாக்கியம் சொற்பம். வயது வந்த மனிதனின் மூளையில் மடிந்த அணுக்களுக்கு ஈடாகப் புதியவை பிறப்பது மிக அரிது. மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டால் எவ்வளவு விரைவில் அடைப்பை நீக்குகிறோமோ அவ்வளவுக்கு நன்மை. ஒவ்வொரு நிமிஷமும் விலைமதிப்பற்றது. எனினும் இரத்தம் திரும்பும்போதும் ஓரளவு சேதம் உண்டாகலாம். அதைத் தடுக்க வழி தேடுவோருக்கு இந்தக் குட்டை மீன் ஒரு பாடப்புத்தகம்.

பக்கவாதத்திலிருந்து பிழைத்தெழுந்த என் பெரியப்பா தம் பெயரை எழுத மறந்துவிட்டார். மடிந்த அணுக்கள் மீளவில்லை. எஞ்சியவை அவற்றின் வேலையை மெல்லக் கற்றுக்கொண்டன. அறுபத்தைந்தாம் வயதில் சிலேட்டை மடியில் வைத்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு, ‘அ’னாவிலிருந்து ஆரம்பித்தார். ஆறாம் மாதம் தபால்காரர் நீட்டிய காகிதத்தில் அவரே கையெழுத்திட்டார். அன்று அவர் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை என் மாணவர் எவர் முகத்திலும் நான் கண்டதில்லை.