குறி தவறிய மூட்டைகள்

போன வாரம் தீயணைப்பு வீரர்களோடு நிறுத்தியிருந்தோம். கூரையில் பிடித்த தீ விடிந்த கையோடு அடங்கிவிட்டது. ஆனால், செர்னோபில் 4-வது உலை வாய் பிளந்து கிடந்தது. உள்ளே கிராஃபைட் எரிந்துகொண்டிருந்தது. தரைவழியாக யாரும் நெருங்க முடியாது. 1986 ஏப்ரல் 26 மாலை, விமானப்படை மேஜர் ஜெனரல் நிகொலாய் அந்தோஷ்கின் பிரிப்யாத் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஹெலிகாப்டரிலிருந்து உலைக்குள் எதைக் கொட்டுவது என்பதை விஞ்ஞானி வலேரி லெகாசவும் மற்றவர்களும் முடிவு செய்தார்கள். நியூட்ரான்களை விழுங்க போரான், சூட்டை வாங்கிக்கொள்ள ஈயமும் டாலமைட்டும், மேலே மூட மணலும் களிமண்ணும். ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன, மூட்டை கட்டத்தான் ஆளில்லை. முதலில் ஆற்றங்கரையில் மண்வெட்டி பிடித்தவர்களில் ஜெனரலும் இருந்தார், மாஸ்கோவிலிருந்து வந்த துணை அமைச்சர்களும் இருந்தார்கள்!

உலைக்கு மேலே சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஹெலிகாப்டர் அசையாமல் நிற்கும். உள்ளிருப்பவர் கதவைத் திறந்து, குனிந்து, கண்ணாலேயே குறிபார்த்து மூட்டையைக் கையால் தள்ளிவிடுவார். அடியிலிருந்து கதிர்வீச்சு அப்படியே முகத்தில் அடிக்கும். போகப்போக வேலையில் ஒரு தேர்ச்சி வந்தது. பாராசூட் துணியைத் தலைகீழாகத் தூளிபோலக் கட்டி, அதில் மூட்டைகளை நிரப்பி வெளியே தொங்கவிட்டார்கள். இருக்கைக்கு அடியில் ஈயத் தகடு போட்டுக்கொண்டார்கள். விமானிகளில் பலர் ஆப்கானிஸ்தான் போரைப் பார்த்தவர்கள். அங்கே சுடுபவன் எங்கே இருக்கிறான் என்றாவது ஊகிக்கலாம்.

மொத்தம் ஏறக்குறைய 5,000 டன் கொட்டினார்கள். பின்னாளில் உலைக்குள் துளையிட்டு ஆராய்ந்தபோது, அதில் மிகக் கொஞ்சமே உலைக் குழிக்குள் விழுந்திருந்தது தெரிந்தது. பெரும்பகுதி பக்கத்துக் கூடங்களில் குவிந்து கிடந்தது. இதற்கு விமானிகளைக் குறை சொல்வது அநியாயம். புகைக்கு நடுவே, கருவி ஏதுமில்லாமல், அந்த உயரத்திலிருந்து வேறென்ன செய்ய முடியும்?

என்னைக் கேட்டால், பறக்கும் திறமைக்கான உண்மையான சோதனை ஜூன் மாதம்தான் வந்தது. உலைக்குள் வெப்பமும் கதிர்வீச்சும் எவ்வளவு என்று அளந்தாக வேண்டும். உணர்கருவிகள் பொருத்திய 18 மீட்டர் நீளக் குழாயைக் கேபிளில் தொங்கவிட்டு, இடிபாடுகளுக்குள் செங்குத்தாக இறக்க வேண்டும். ‘ஊசி’ என்று பெயர் வைத்தார்கள். சோதனை விமானி மிகோலா மெல்னிக், காமோவ் ஹெலிகாப்டரில் போய் அதைச் செருகிவிட்டு வந்தார். ‘சோவியத் யூனியனின் வீரர்’ பட்டம் அவருக்குக் கிடைத்தது.

2019-ல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்களுக்கு, உலைக்கு மேலே போன ஹெலிகாப்டர் நொறுங்கி விழும் காட்சி நினைவிருக்கும். விபத்து நிஜம், நாள்தான் வேறு. அது நடந்தது அக்டோபர் 2, உலையைச் சுற்றிக் கான்கிரீட் கூடு எழுந்துகொண்டிருந்தபோது. எமனாக வந்தது கதிர்வீச்சு அல்ல, கட்டுமான கிரேனின் கம்பி. இறக்கை அதில் உரசி மி-8 கீழே விழுந்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அது கேமராவிலும் பதிவானது.

ஹெலிகாப்டர்கள் செய்த இன்னொரு வேலையைப் பலரும் பேசுவதில்லை. கதிரியக்கத் தூசி பறக்காமலிருக்க, சுற்றுவட்டாரமெங்கும் பசைபோன்ற திரவத்தைத் தெளித்துக்கொண்டே இருந்தன. ஆனால், 3-வது உலையின் கூரையில் சிதறிய கிராஃபைட் கட்டிகளை ஹெலிகாப்டராலும் அள்ள முடியவில்லை, ரோபோக்களாலும் முடியவில்லை. மண்வெட்டியோடு ராணுவத்தினரே ஏறினார்கள். ஒருவருக்கு அங்கே இரண்டொரு நிமிடம்தான் அனுமதி. அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)