பிக்கப் இல்லையா? முதல்ல காத்தைப் பாருங்க!

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்ன ஆசாமி நிச்சயம் ஆரல்வாய்மொழி வழியாகப் போனவராகத்தான் இருக்க வேண்டும். பைக்கில் போயிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார். பத்திரிகையில் போட முடியாது!

மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று எங்கள் கணவாயில் புகுந்து அடிக்கிற அடி அப்படி. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா அழகுக்கா? காலையில் தோவாளையிலிருந்து காவல்கிணறு பக்கம் வேலைக்குப் போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும். நூறு சிசி வண்டிகூடக் குதிரையாகப் பாயும். சாயங்காலம் திரும்பும்போது அதே வண்டி, அதே பெட்ரோல், அதே ஆள்... மூணாவது கியரில் முக்கும்! "பிக்கப்பே இல்லைலே மக்கா, இன்ஜின்ல கை வைக்கணும்" என்று நம்ம இளைஞர்கள் முடிவெடுப்பது இந்த நேரத்தில்தான்.

கொஞ்சம் பொறுங்கள் சார். ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் போவது 60 கிலோமீட்டர் வேகம். எதிர்க்காற்று 40. ஆக, உங்கள் நெஞ்சில் மோதுவது 100. வேகம் கூடக் கூட, காற்றின் தடை அதன் வர்க்கத்துக்குக் கூடும். அதாவது, காற்றில்லாத நாளைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு! அதே காற்று பின்னால் இருந்தால் மோதுவது வெறும் 20. தடை ஒன்பதில் ஒரு பங்கு. இதற்கு இன்ஜின் என்ன பாவம் செய்தது?

நல்ல கடையைக் கண்டுபிடிக்கும் முதல் வழியும் இதிலேயே இருக்கிறது. "பிக்கப் இல்லை அண்ணாச்சி" என்றதும், "எந்தப் பக்கம் போகும்போது தம்பி?" என்று கேட்கிறாரா? கேட்டால் அங்கேயே உட்காருங்கள். டயரில் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா, செயின், ஏர் ஃபில்டர், கிளட்ச் என்று வரிசையாகப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்த பிறகுதான் அவர் ஸ்பேனரையே எடுப்பார். வண்டியை நிறுத்துவதற்குள் "ஹெட்டைக் கழட்டிருவோம்" என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள்.

என் நண்பர் ஒருவரிடம் யமஹா ஆர்எக்ஸ் 100 இருக்கிறது. 1985-ல் வந்து 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. 98 சிசி, சுமார் 11 குதிரைசக்தி. இன்றைக்கும் அதன் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காத ஆள் கிடையாது. அவர் ஒரு கடையில் 'போர்ட் வேலை' செய்யக் கொடுத்தார். முடித்துவிட்டு மெக்கானிக் டெஸ்ட் ரைடு கூட்டிப்போனார். ஆடி மாதம், முப்பந்தலைப் பார்த்து! "பாத்தியளா, ராக்கெட்டு!" பணம் கைமாறிவிட்டது. ராக்கெட் பறந்தது யாருடைய உபயத்தில் என்பது திரும்பி வரும்போது புரிந்தது.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தினால் மேல் வேகத்தில் சக்தி கூடும், கீழ் வேகத்தில் குறையும். அதற்கேற்ப கார்புரேட்டர் ஜெட்டையும் சரி பார்க்க வேண்டும். பெட்ரோல் குறைந்து கலவை வறண்டால் பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். நண்பருக்கு அதுதான் நடந்தது. ஓடுகிற ஓட்டத்தில் பின்சக்கரம் கிறீச்சென்று நின்றுவிட்டது. நல்லவேளை, பின்னால் லாரி வரவில்லை. நாலு வழிச்சாலையில் எல்லா நாளும் அப்படி அதிர்ஷ்டம் இருக்குமா?

முடியைத் தப்பாக வெட்டினால் வளர்ந்துவிடும். சிலிண்டர் வளராது! ரீபோர் என்றாலும் 0.25 மில்லிமீட்டர், 0.50 என்று சில படிகள்தான். ஒவ்வொன்றும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு கழித்தல். எனவே கேளுங்கள்: "பிஸ்டனை முதலில் வாங்கி, மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கேற்றபடி போர் அடிப்பீர்களா? லேத்துக்கு அனுப்புவதென்றால் எந்த லேத்? கழற்றிய பழைய சாமான்களைத் திருப்பித் தருவீர்களா?" நல்லவருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். மற்றவருக்குக் கோபம் வரும். அதுவும் ஒரு பதில்தான்.

2020 ஏப்ரலிலிருந்து வந்த பிஎஸ்-6 வண்டிகளில் மூளை முழுக்க கம்ப்யூட்டரில். 'ரீமேப்' செய்கிறோம் என்பார்கள். பெரிய நகரங்களில் டைனோ வைத்திருக்கும் கடைகள் உண்டு. சக்கரத்தை உருளைமேல் ஓடவிட்டு சக்தியை அளக்கும் கருவி. அங்கே காற்று அடிக்காது, பொய்யும் சுலபமில்லை. ஆனால் வேலைக்கு முன் ஒரு தாள், பின் ஒரு தாள், இரண்டும் ஒரே கருவியில் எடுத்தது வேண்டும். 'பின்' தாள் மட்டும் காட்டுவது, கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போட்டோ காட்டுகிற மாதிரி!

சட்டத்தையும் மறக்க வேண்டாம். தேய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ரிப்பேர். ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக இன்ஜினை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இதை உங்களிடம் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்கிறவர் யோக்கியர்.

எல்லாவற்றையும்விட யோக்கியர் ஒருவர் உண்டு. வண்டியை அளந்து பார்த்துவிட்டு, "இன்ஜின் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஃபில்டரை மட்டும் மாத்துங்க" என்று திருப்பி அனுப்புகிறவர். அப்படி ஒருவர் கிடைத்தால் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுங்கள்.

மற்றவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "அண்ணாச்சி, டெஸ்ட் ரைடு முப்பந்தலுக்குப் போனா மட்டும் போதாது. அப்படியே தோவாளைக்கும் ஒரு ரவுண்டு வாங்க!"